பெயிண்டர் கை படாத கதவு

கண்ணாடி என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். ஆனால் அவர் கண்ணாடி போட்டவர் இல்லை. அறுபத்தாறு வயதிலும் பேப்பரைக் கையை நீட்டிப் பிடிக்காமல் படிக்கிறவர். அவர் பெயிண்ட் அடித்த கார்க் கதவில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் என்று பட்டறையில் யாரோ சொல்லப்போய் ஒட்டிக்கொண்ட பெயர் அது. தலை வாரியது போதாதென்று முகச்சவரமே செய்துகொண்டவர்களும் அங்கே உண்டு. முதலாளி ஒருமுறை வாடிக்கையாளர் எதிரிலேயே கதவைப் பார்த்துப் பல்லிடுக்கில் சிக்கியதை எடுத்துவிட்டு, "எங்க ஆளு வேலையைப் பாத்தீங்களா?" என்று கேட்டார். வாடிக்கையாளருக்கு அது எந்த அளவுக்குப் பிடித்தது என்று தெரியவில்லை. கண்ணாடிக்கு ஒரு வாரம் கால் தரையில் படவில்லை.

பழசு என்றால் அவருக்கு ஆகாது. வெளுத்த கூரை, மூலையில் கிளம்பிய துரு, கைப்பிடி ஓரத்துக் கீறல் எல்லாமே அவருக்கு நோய்கள், அவர் வைத்தியர். ஒரு கார் பட்டறைக்குள் எத்தனை வயதோடு வந்தாலும் வெளியே போகும்போது பிறந்த குழந்தையாகப் போக வேண்டும். "நேத்து வாங்கினதான்னு கேக்கணும், அப்பதான் அது வேலை" என்பார். முப்பத்தெட்டு வருடம் இதே வேலை, ஒரே பட்டறை. முகத்துக்கு ஒரு துணி கட்டிக்கொள்ளச் சொன்னால், வாசனை பிடித்தால்தான் தின்னர் அளவு சரியாக இருக்கிறதா என்று தெரியும் என்று வியாக்கியானம் செய்வார். அவருடைய நெஞ்சு அதைக் கேட்டுக்கொண்டே இருந்து ஒருநாள் பதில் சொன்னது. இருமல் வந்தது. வந்தது போகவில்லை.

ஈரமான பெயிண்டின் மேல் இருமினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது முறை ஒரு கதவைத் திரும்பச் சுரண்ட வேண்டி வந்தபோது, முதலாளி அவரைத் தனியே அழைத்து, "நீங்க கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கங்க" என்றார். அந்த ஓய்வுக்கு முடிவுத் தேதி இல்லை என்பது கண்ணாடிக்கு வாசலைத் தாண்டும்போதுதான் உறைத்தது. பட்டறை அவருக்குப் பின்னாலும் ஜோராகத்தான் ஓடியது, இன்றைக்கும் ஓடுகிறது. அதுவேறு அவருக்கு வயிற்றெரிச்சல்.

வீட்டில் அவர் அதைச் சொல்லவில்லை. காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி, பஸ் நிலையத்தின் பின்புறத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் வீடு திரும்பினார். வேலை செய்த சட்டை மாதிரி தெரிய வேண்டுமே என்று, கொல்லையில் கிடந்த பழைய டப்பாவிலிருந்து கொஞ்சம் பெயிண்டை எடுத்துத் தினமும் சட்டைக் கையில் தடவிக்கொண்டார். எட்டு மாதம் இப்படி ஓடியது. மகள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். சீட்டில் எழுதியிருப்பதற்கும் கையில் எடுப்பதற்கும் ஒரு எழுத்து மாறினாலும் கண்டுபிடித்துவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை துவைக்கப் போட்ட சட்டைகளை வரிசையாகப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள்.

"ஏம்பா, எட்டு மாசமாவா உங்க பட்டறைக்கு நீலக் கலர் வண்டியே வருது?"

உலகத்தின் எந்தக் கலரையும் கண்ணால் பார்த்தே கலந்துவிடுகிற மனிதர், கலர் விஷயத்தில் மாட்டிக்கொண்டார். இன்னொரு டப்பா வாங்கியிருக்கலாமே என்று அவருக்கே பிறகு தோன்றியது. அந்தப் பொய்யைவிட மகளுக்குக் கசந்தது வேறொன்று: அம்மாவுக்கு முதல் வாரமே தெரிந்திருந்தது. தெரிந்தும், ஒன்றும் தெரியாதவள் போலத் துவைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க சொல்றதுக்கெல்லாம் அம்மா தலையாட்டும். உங்க ரெண்டு பேரையும் நான் எப்படி நம்பறது?" என்று மகள் கேட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு அது மறந்துபோயிருக்கும்.

அன்றிலிருந்து ஆறு வருடமாக அவர் சொல்வதற்கெல்லாம் வீட்டில் ஒரு எடைத்தராசு வந்துவிட்டது. மருந்து சாப்பிட்டாயிற்று என்றால் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்ப்பாள். நடந்துவிட்டு வந்தேன் என்றால் செருப்பைப் பார்ப்பாள். இடையில் மனைவியும் போய்ச் சேர்ந்தாள். அவருக்குத் தலையாட்டவும் ஆள் இல்லாமல் போயிற்று. அந்தச் சந்தேகம் போகப்போகப் பின்னாலும் பரவியது. சின்ன வயதில் வாயைப் பிளந்துகொண்டு கேட்ட அப்பாவின் பட்டறைக் கதைகளையெல்லாம் மகள் ஒவ்வொன்றாகத் தள்ளுபடி செய்துவிட்டாள். கதவுக் கதையையும்தான். அதை மட்டும் அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

கதவுக் கதை இதுதான். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால், மகளுக்கு இரண்டு வயது. ஊரில் பெரிய டாக்டர் ஒருவரிடம் சாம்பல் கலந்த பச்சையில் ஒரு கார் இருந்தது. அப்போதே அதற்கு இருபத்துநாலு வயது. வாங்கிய நாளிலிருந்து டாக்டரைத் தவிர யாரும் ஓட்டியதில்லை. துடைப்பதற்குக்கூட அவர் வேறு ஆளை விட்டதில்லை. டாக்டர் ஏதோ மாநாட்டுக்கு வெளியூர் போன மறுநாள், பத்தொன்பது வயதுப் பிள்ளை சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய், திரும்பி வரும்போது டிரைவர் பக்கக் கதவைக் கேட் தூணில் ஒரேயடியாய் உரசிக்கொண்டு வந்து நிறுத்தினான். கீறல் ஒரு முழ நீளம். சில இடத்தில் தகடு தெரிந்தது, நடுவில் லேசாக உள்வாங்கியும் இருந்தது. டாக்டர் திரும்பி வரப் பன்னிரண்டு நாள் இருந்தது.

பட்டறைக்குக் கொண்டுபோனால் டாக்டர் காதுக்குப் போய்விடும். அதனால் டாக்டர் மனைவி, கண்ணாடியை வீட்டுக் கொட்டகைக்கே வரவழைத்தார். கண்ணாடி பட்டறையில் மஞ்சள்காமாலை என்று பொய் சொல்லி லீவு எடுத்தார். போய்ப் பார்த்ததும்தான் சிக்கல் புரிந்தது. கதவைப் புதுசாக்கினால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டுவிடும். இருபத்துநாலு வருட வெயில் பட்ட காரில் ஒரு கதவு மட்டும் நேற்றுப் பிறந்திருந்தால் குருடன்கூடக் கேட்பான். இது வரைக்கும் பழசைப் புதுசாக்கியே பழகிய கை, புதுசைப் பழசாக்க வேண்டும்.

பையன் முதல் நாள் கொட்டகைச் சுவரில் சாய்ந்து அழுதான். "அண்ணே, எங்கப்பா என்னை வீட்டை விட்டே துரத்திடுவாருண்ணே" என்றான்.

"அழுதா தகடு நேராகுமா? அந்த விளக்கைத் தூக்கிப் பிடி" என்றார் கண்ணாடி.

உள்பக்கத் தகட்டைக் கழற்றி, பள்ளத்தைப் பின்னாலிருந்து மரக்கட்டையால் தட்டித் தட்டியே நேராக்கினார். பள்ளத்தை மூடப் பூசுகிற பட்டியை நகக்கண் அளவுகூட வைக்கவில்லை. கதவு முழுவதையும் தகடு வரைக்கும் தேய்த்தெடுத்து, மெல்லிசாக அடித்து, உப்புத்தாளால் இழைத்து, மறுபடி அடித்தார். கலரை மட்டும் நாலு நாள் கலந்தார். கதவின் மேல்பாதி வெயிலில் அதிகமாக வெளுத்திருக்கும், கீழ்பாதி கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும், அதையும் விடவில்லை. எல்லாம் முடிந்து பார்த்தால் இன்னும் ஏதோ உதைத்தது. பழைய கதவில் கைப்பிடிக்குக் கீழே வட்ட வட்டமாய் மெல்லிய கீறல்கள் இருந்தன, டாக்டர் கதவைத் திறக்கும்போதெல்லாம் மோதிரம் உரசியவை. கண்ணாடி வீட்டுக்கு வந்து மனைவியின் மோதிரத்தைக் கேட்டார். "தான் அடிச்ச பெயிண்டைத் தானே கீறிப்பாக்கற பெயிண்டர் நீங்க ஒருத்தர்தான்" என்று அவள் சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தாள். இரண்டு நாள் உட்கார்ந்து இருபத்துநாலு வருடத்துக் கீறல்களைக் கீறினார். பதினோராவது நாள் வேலை முடிந்தது. தகட்டைத் திரும்ப மாட்டியபோது ஸ்க்ரூத் தலைக் கோடுகள்கூட முன்னால் எந்தப் பக்கம் பார்த்திருந்தனவோ அந்தப் பக்கமே பார்த்தன.

டாக்டர் வந்தார், கதவைத் திறந்தார், ஏறினார், போனார். அவ்வளவுதான். கண்ணாடியின் வாழ்க்கையிலேயே ஆகச் சிறந்த வேலை யார் கண்ணிலும் படவில்லை. படாததுதான் அதன் சிறப்பு. இந்த ஒன்றை நினைத்து நினைத்து அவர் முப்பத்தொரு வருடம் மீசையை முறுக்கிக்கொண்டார்.

போன மாதம் நெஞ்சு ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது, பெஞ்சில் கிடந்த பேப்பரில் அந்தக் காரைப் பார்த்தார். பழைய கார்களின் கண்காட்சி. படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில், 'ஐம்பத்தைந்து வருடமாகப் பெயிண்டர் கை படாத கார்' என்று போட்டிருந்தது. டாக்டர் காலமாகிவிட்டார், இப்போது மகன் வைத்திருக்கிறார் என்றும் இருந்தது. கண்ணாடி அதை மூன்று தரம் படித்தார். பிறகு சிரித்தார், சிரித்தது இருமலாகி, நர்ஸ் எழுந்து வந்து முதுகைத் தட்டிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் சொன்னார். "ஞாயித்துக்கிழமை என்கூட ஒரு இடத்துக்கு வரணும். அந்தக் கதவைக் காட்டறேன்."

"எந்தக் கதவு?"

"டாக்டர் வீட்டுக் கதவு. அந்தப் பையன் அங்க இருப்பான். அவன் வாயால கேளு."

மகள் பேப்பரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "சரிப்பா" என்றாள். வாரத்தில் அவளுக்கு இருக்கிற ஒரே லீவு நாள் அது. மாட்டேன் என்று சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அவர் போட்ட கணக்கு மிகச் சாதாரணமானது. பையன் பார்ப்பான், "அண்ணே" என்று ஓடி வருவான், கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கப்பா இல்லைன்னா நான் அன்னைக்கு அம்போதான்மா" என்று மகளிடம் சொல்வான். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் வேண்டாம். அவன் என்ன பரிசுக்காக வண்டியை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான், 'பெயிண்டர் கை படாத' என்ற வார்த்தைக்கு அங்கே என்ன விலை என்றெல்லாம் அவர் யோசிக்கவே இல்லை. ஆயுசு பூராவும் 'இது கண்ணாடி அடிச்சது' என்பது ஒரு காருக்குப் பெருமையாகவே இருந்து பழகியவர். அது ஒரு குற்றச்சாட்டாக மாறக்கூடும் என்பது அவர் புத்தியில் எப்படி ஏறும்?

மைதானத்தில் நாற்பது கார்களுக்குக் குறையாமல் நின்றன. வாசல் பக்கத்தில் புதுசாக்கிய கார்கள், சிவப்பும் நீலமுமாகப் பளபளத்தன. கண்ணாடி ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் குனிந்து பார்த்து, "இங்க அலை அடிக்குது பாரு", "இது ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரன்னு இருக்கு" என்று மகளிடம் குறை சொல்லிக்கொண்டே வந்தார். அங்கே கூட்டமே இல்லை. கூட்டமெல்லாம் கடைசியில் ஒரு மரத்தடியில் நின்றது. பளபளப்பே இல்லாத ஒரு சாம்பல் பச்சைக் காரைச் சுற்றி ஜனங்கள் நாலு வரிசையாக நின்று, ஏதோ தூங்குகிற குழந்தையைப் பார்க்கிற மாதிரி மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கண்ணாடிக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. தேய்க்காத பாத்திரத்தைப் பார்க்கவா இத்தனை பேர் என்று நினைத்துக்கொண்டே முண்டியடித்து உள்ளே போனார். பிறகு பார்த்தார். ஸ்டியரிங்கில் இரண்டு கை பிடிக்கிற இடம் மட்டும் வழவழவென்று கறுத்திருந்தது. கிளட்ச் ரப்பர் ஒரு காலின் அளவுக்குத் தேய்ந்திருந்தது. டிரைவர் சீட்டின் தோல் ஓர் ஆள் உட்கார்ந்த அமைப்பில் அமுங்கியிருந்தது, பக்கத்து சீட்டில் டாக்டர் பை வைத்து வைத்து ஒரு செவ்வகத் தடம் விழுந்திருந்தது. பையும் இல்லை, டாக்டரும் இல்லை. ஆனால் டாக்டர் இப்போதுதான் நோயாளியைப் பார்க்க இறங்கி உள்ளே போயிருக்கிறார் என்று யாராவது சொன்னால் நம்பிவிடலாம். வாசலில் நின்ற பளபளப்புகள் யாருடையதாகவும் இருக்கலாம். இது ஒரே ஒருவருடையது.

அப்போது அவருக்கு ஒரு அம்மாவின் நினைவு வந்தது. இருபது வருடத்துக்கு முன், கணவர் இறந்து ஆறு மாதத்தில், அவருடைய காரைப் பட்டறைக்கு அனுப்பியிருந்தார். புதுசாக்கி ஒப்படைத்த அன்று அந்த அம்மா வேறெதையும் பார்க்கவில்லை. நேராக டிரைவர் ஜன்னல் விளிம்பில் கையை வைத்துத் தடவினார். கணவர் எப்போதும் முழங்கையை ஊன்றி ஓட்டியதில் அங்கே பெயிண்ட் தேய்ந்து தகடு தெரிந்துகொண்டிருந்தது. "அது எங்கே?" என்று கேட்டார். "போயிடுச்சும்மா. இனிமே தெரியவே தெரியாது" என்று கண்ணாடி பல்லைக் காட்டினார். அந்த அம்மா அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று இத்தனை காலமும் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இன்னும் எத்தனை முழங்கைகளைத் தேய்த்து அழித்திருப்போம் என்று நினைத்தபோது அவர் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

நடுவர் ஒரு அம்மா. நரைத்த தலை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் சின்ன மீட்டர். பெயிண்ட் எவ்வளவு தடிமன் என்று காட்டுகிற கருவி அது. ஒரு முறை மேலே அடித்திருந்தாலும் எண் எகிறிவிடும். காருக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் காதோரம் நரைத்த ஒருவர் நின்றார். அந்த மோவாயைக் கண்ணாடி உடனே அடையாளம் கண்டுகொண்டார். அழும்போது அது இடது பக்கம் கோணும்.

நடுவர் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "புதுசாக்கறதை எத்தனை தடவை வேணும்னாலும் செய்யலாம். பழசா இருக்கறது ஒரு தடவைதான். இங்க பாருங்க, கைப்பிடிக்குக் கீழ. வட்ட வட்டமா கோடு தெரியுதா? டாக்டரோட மோதிரம் பட்டுப் பட்டு விழுந்தது. இதை எந்தப் பெயிண்டராலயும் செய்ய முடியாது. காலம்தான் செய்யணும்."

மகள் சட்டென்று திரும்பி அப்பாவைப் பார்த்தாள். மோதிரக் கதையை அவள் நூறு தடவை கேட்டிருக்கிறாள். அந்தப் பார்வையில் தராசு இல்லை. ஆறு வருடத்தில் முதல் முறையாக அவள் கண்ணில் ஒரு கேள்வி மட்டும் இருந்தது, 'நிஜமாகத்தானா?' என்று. கண்ணாடிக்கு நெஞ்சு விம்மியது. அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"அது டாக்டர் மோதிரம் இல்லம்மா. என் வீட்டுக்காரி மோதிரம்" என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

இரண்டு பேர் சிரித்தார்கள். நடுவர் திரும்பினார். கண்ணாடி சிரித்த முகத்தோடு டாக்டர் மகனைப் பார்த்தார். "தம்பி, நான்தான். கண்ணாடி. உங்க கொட்டகையில பதினோரு நாள் உக்காந்து இந்தக் கதவை அடிச்சேனே."

டாக்டர் மகனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மோவாய் இடது பக்கம் லேசாக இழுத்து நின்றதைக் கண்ணாடி பார்த்தார். பிறகு அது நேராகியது.

"ஐயா, நீங்க வேற ஏதோ வண்டியை நினைச்சுக்கிட்டு இருக்கீங்க போலிருக்கு" என்றார் அவர், மிகவும் தன்மையாக.

அன்றைக்கு அண்ணே, இன்றைக்கு ஐயா. மரியாதை ஒரு படி ஏறியிருந்தது, அந்தப் படியிலேயே ஆளைக் கீழே தள்ளியும் விட்டாயிற்று.

"என்ன தம்பி இப்படிச் சொல்றீங்க? கேட் தூண்ல உரசினீங்களே. அம்மாதானே எனக்குச் சொல்லியனுப்பினாங்க."

"எங்கம்மா போய்ப் பத்து வருஷம் ஆச்சுங்க ஐயா. அவங்களை ஏன் இதுல இழுக்கறீங்க?"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது; கிழவருக்கு எதிராகத்தான். மகள் அவர் முழங்கையைத் தொட்டாள். கண்ணாடிக்கு ரோஷம் தலைக்கேறிவிட்டது. நடுவரிடம் திரும்பினார். "உங்க கையிலதான் மீட்டர் இருக்கே. வச்சுப் பாருங்கம்மா. நான் பொய் சொல்றேனா, அவர் சொல்றாரான்னு அது சொல்லட்டும்."

நடுவர் தயங்கினார். பிறகு நியாயமான கேள்விதான் என்பது போலத் தலையசைத்து, மீட்டரை முதலில் பானெட்டில் வைத்தார். "நூத்திநாலு" என்றார். அந்தப் பக்கக் கதவில் வைத்தார். "தொண்ணூத்தியெட்டு." சுற்றிக்கொண்டு இந்தக் கதவுக்கு வந்தார்.

மீட்டர் கதவைத் தொடுவதற்கு முன்பே கண்ணாடிக்குத் தெரிந்துவிட்டது. நகக்கண் அளவு பட்டிகூட வைக்காதது ஞாபகம் வந்தது. தகடு வரை தேய்த்தெடுத்தது, மெல்லிசாக அடித்து அடித்து இழைத்தது, எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. 'வேண்டாம்' என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அது பீப் என்றது.

"நூத்தியொண்ணு" என்றார் நடுவர். இன்னும் நாலு இடத்தில் வைத்தார். நூறு, நூற்றிரண்டு, தொண்ணூற்றொன்பது, நூற்றொன்று. மீட்டரைத் திருப்பிக் கண்ணாடிக்கே காட்டினார், இரக்கத்தோடு. "ஃபேக்டரி பெயிண்டுங்க ஐயா. சந்தேகமே இல்ல."

கொஞ்சம் மட்டமாக வேலை செய்திருந்தால் அன்றைக்குத் தப்பித்திருப்பார். எவனோ ஒரு அரைகுறை நாலு விரல் பட்டியை அப்பி அடித்திருந்தால் மீட்டர் அலறி அவனுக்குச் சாட்சி சொல்லியிருக்கும். இவருடைய கை இவரையே பொய்யனாக்கி நடு மைதானத்தில் நிறுத்தியது.

"உள்பக்கத் தகட்டைக் கழட்டிப் பாருங்க. பின்னால மரக்கட்டை தட்டின தடம் இருக்கும்" என்றார்.

நடுவர் தலையை ஆட்டினார். "இந்த ஸ்க்ரூவெல்லாம் ஐம்பத்தஞ்சு வருஷமா யாரும் தொடாதது. கோட்டைப் பாருங்க, எல்லாம் ஒரே பக்கம் பாக்குது. ஒரு தடவை கழட்டிட்டா அப்புறம் அது கழட்டின வண்டி ஆயிடும். செய்யக் கூடாதுங்க."

கண்ணாடி ஏதோ சொல்லப் போனார், இருமல் வந்து அடைத்தது. குனிந்து இருமினார். கூட்டத்தில் ஒருவர் பதறி, "வண்டி மேல பட்டுடப் போகுது" என்று அவரைப் பின்னால் இழுத்தார். மகள் அவர் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டு, நடுவரிடமும் டாக்டர் மகனிடமும் பொதுவாகச் சொன்னாள்: "மன்னிச்சுக்கங்க. அப்பாவுக்கு உடம்பு சரியில்ல."

அவளுக்கு இருந்த சங்கடத்தில் அவள் வேறென்ன சொல்ல முடியும்? அவர் மேல் பாசம் இல்லாதவளாக இருந்தால் அங்கேயே விட்டுவிட்டுப் போயிருப்பாள். வெளியே பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்து, இன்ஹேலர் மருந்தை உறிஞ்ச வைத்து, "இங்கயே இருங்கப்பா, தண்ணி வாங்கிட்டு வந்துடறேன்" என்று எதிர்க் கடைக்குப் போனாள்.

அவள் ரோட்டைத் தாண்டியதும் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. டாக்டர் மகன் வந்து நின்றார். சட்டையில் பரிசு ரிப்பன் குத்தியிருந்தது.

"அண்ணே" என்றார்.

கண்ணாடி நிமிர்ந்து பார்த்தார்.

"மன்னிச்சுக்கங்கண்ணே. எனக்கு வேற வழி தெரியல. அப்பா சாகற வரைக்கும் கண்டுபிடிக்கலண்ணே. அந்த மாதிரி வேலையை நான் எங்கயுமே பாத்ததில்ல."

முப்பத்தொரு வருடமாகக் கேட்க விரும்பிய வார்த்தைகள். அவை வந்தே விட்டன, கேட்க வேண்டிய ஆள் மட்டும் எதிர்க் கடையில் நின்றுகொண்டிருந்தாள்.

"என் பொண்ணு அதோ நிக்கறா. இப்ப வந்துடுவா. அவகிட்ட இதைச் சொல்லுங்க தம்பி. அவ ஒருத்திகிட்ட மட்டும். அவ யார்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றார் கண்ணாடி. அவர் ஆயுசில் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை.

டாக்டர் மகன் மைதானத்து வாசலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே நாலைந்து பேர் நின்று அவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். "இன்னைக்கு வேணாம்ணே. எல்லாரும் இருக்காங்க. இன்னொரு நாள் நானே வீட்டுக்கு வர்றேன்" என்றார். வீடு எங்கே என்று அவர் கேட்கவில்லை. போய்விட்டார்.

மகள் தண்ணீர் பாட்டிலோடு ரோட்டைத் தாண்டி வந்தாள். கண்ணாடி அவள் உட்காரும் வரைகூடப் பொறுக்கவில்லை. "இப்ப வந்தாம்மா. அந்தப் பையன். இங்கதான் நின்னான். நான் அடிச்சதுதான்னு ஒத்துக்கிட்டான். மன்னிப்புக் கேட்டான்."

மகள் வெறுமையாக இருந்த நடைபாதையைப் பார்த்தாள். பிறகு பாட்டில் மூடியைத் திருகித் திறந்து அவர் கையில் கொடுத்தாள். சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். செருப்பைப் பார்க்கவில்லை, எதையும் எண்ணிப் பார்க்கவில்லை, எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

"நம்பறேம்பா" என்றாள்.

அந்தக் குரலை அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில், கடைசி வாரத்தில், அவள் அம்மா கண்ணைத் திறந்து 'நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாமா?' என்று கேட்டபோதெல்லாம், 'போயிடலாம்மா' என்று மகள் இந்தக் குரலில்தான் சொன்னாள். கண்ணாடி தண்ணீரைக் குடித்தார். "இன்னும் கொஞ்சம் குடிங்க" என்றாள். இன்னும் கொஞ்சம் குடித்தார்.